உச்சிமாகாளியின் நூறு சூரியன்கள்

கோவில்பட்டியில் தினமும் காலையில் சூரியனைப் பிடித்துத் தாளில் வைக்கிற பெண் ஒருத்தி இருந்தாள். பெயர் ஜெபக்கனி, வயது முப்பத்து நான்கு. பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டிச் சட்டத்தில் பொருத்துவது அவள் பிழைப்பு. கடை திறப்பதற்கு முன்னால், எட்டே காலிலிருந்து எட்டு முப்பத்தைந்து வரை, அதே கட்டிடத்தின் மொட்டை மாடியில் இருப்பாள். அங்கே மூன்றடி நீளத்தில் ஒரு தொலைநோக்கி, அதற்குப் பின்னால் ஒரு பலகை, பலகையில் வெள்ளைத் தாள். தாளில் சூரியன் ஒரு சின்னத் தட்டு அளவுக்கு வந்து விழும். அதன் மேல் தெரிகிற கரும்புள்ளிகளைப் பென்சிலால் வரைந்து, எண்ணி, தேதி போட்டு வைப்பாள். பன்னிரண்டு வருஷமாக இதே வேலை.

அவளுக்கு ஒரு சீடர் வாய்த்தார். சீடருக்கு வயது அறுபத்திரண்டு. உச்சிமாகாளி என்று பெயர். பஸ் டிப்போவில் முப்பத்து நான்கு வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மூக்குக்கண்ணாடிச் சட்டம் உடைந்து, அதை மாற்ற வந்தவரிடம், "ஆள் மாடியில இருக்கு" என்று யாரோ சொல்ல, மேலே ஏறிப் போனார். தாளில் சூரியன் கிடப்பதைப் பார்த்தார். வந்த காரியம் மறந்துவிட்டது. மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார்.

"டீச்சர்" என்று கூப்பிட்டார்.

"நான் கண்ணாடி வெட்டுறவ அண்ணாச்சி."

"எனக்கு டீச்சர்தான்."

அதற்கு மேல் அவள் மறுக்கவில்லை. ஒரு பென்சிலைச் சீவிக் கையில் கொடுத்தாள்.

உச்சிமாகாளி விண்வெளிச் செய்தி என்றால் விடமாட்டார். குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் தளம் வருகிறது என்று டீக்கடையில் முதலில் சொன்னவர் அவர்தான். போன வருஷம் சூரியப் புயல் அடித்து லடாக்கில் வானம் சிவந்ததையும், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஒரு விண்கலம் சூரியனுக்கு அறுபத்தொரு லட்சம் கிலோமீட்டர் பக்கத்தில் போய்த் தப்பி வந்ததையும், கேட்டவருக்கும் கேளாதவருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். அப்படிப்பட்ட ஆளுக்கு இந்தப் பென்சில் வேலையில் ஒரு சந்தேகம் வரத்தானே செய்யும்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும். நம்ம ஆதித்யா செயற்கைக்கோள் அங்க போயி ராவும் பகலும் சூரியனையே பாத்துக்கிட்டு இருக்குலா? அதுக்கு மேல நாம மாடில நின்னு புள்ளி வைக்கது என்னத்துக்கு?"

"ஆதித்யா போயி எத்தனை வருஷம் ஆச்சு?"

"இன்னும் ரெண்டு முடியலை."

"சூரியன்ல புள்ளி எண்ண ஆரம்பிச்சு நானூறு வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் எண்ணுனது யாரு?"

"யாரு?"

"இதே மாதிரி சின்னக் கண்ணாடியை வச்சுக்கிட்டு வெயில்ல நின்னவங்க. அவங்க எண்ணுனதோட இன்னைக்கு எண்ணுறதைச் சேத்துப் பாக்கணும்னா, அதே மாதிரி ஒரு கண்ணாடியும் ஒரு மனுசக் கண்ணும் வேணும்லா." அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி எட்டே கால். வரைங்க."

அவர் வரைந்தார்.

அவள் பாடம் நடத்திய விதம் இதுதான். தொலைநோக்கிக்குள் கண்ணை வைக்கக் கூடாது. வைத்தால் அன்றோடு கண் போச்சு. சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். குழாயின் நிழல் தரையில் நீளமாகக் கிடக்கும். குழாயை மெல்லத் திருப்பத் திருப்ப நிழல் குறுகி, கடைசியில் வட்டமாகிவிடும். அப்போது தாளில் சூரியன் வந்திருக்கும். சந்தேகமான புள்ளி இருந்தால் தாளைச் சற்று ஆட்ட வேண்டும். கூடவே ஆடுவது தாளில் இருக்கிற அழுக்கு, ஆடாமல் நிற்பது சூரியனுடையது. உச்சிமாகாளி முதல் வாரத்தில் நாலு பொடி அழுக்கைச் சூரியனில் சேர்த்திருந்தார். அதைச் சொல்லிச் சொல்லி அவரே சிரித்தார்.

கண்டிப்பு ஒன்றில்தான். புள்ளிகளை எண்ணித் தாளில் எழுதி முடிக்கும்வரை போனைத் திறக்கக் கூடாது, ஒருவர் தாளை மற்றவர் பார்க்கக் கூடாது. முதலில் அவள் வரைவாள். அவர் முதுகைக் காட்டி நிற்பார். பிறகு அவர் வரைவார். முடிந்ததும் அவர் தாளை வாங்கிப் பார்த்து, நேரம் போட்டுக் கையெழுத்திடுவாள். தன் தாளைக் காட்டவே மாட்டாள்.

ஐரோப்பாவில் ஒரு மையம் இருக்கிறது. உலகத்தில் இப்படி வரைகிறவர்கள் எல்லாரும் அங்கேதான் எண்ணிக்கையை அனுப்புகிறார்கள். புதிய ஆள் சேர வேண்டுமானால் நூறு நாள் வரைந்து அனுப்ப வேண்டும் என்றாள் ஜெபக்கனி. பார்த்துத் திருப்தியானால் பட்டியலில் பெயரைப் போடுவார்கள். மொத்தப் பட்டியலுமே எண்பது சொச்சம் பேர்தான்.

அந்தப் பட்டியல் உச்சிமாகாளியின் மனசில் ஏறி உட்கார்ந்துகொண்டது. முப்பத்து நான்கு வருஷம் அடுத்தவன் ஓட்டுகிற பஸ் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதியவர். எழுதிய நோட்டெல்லாம் எடைக்குப் போய்விட்டது. மகன் சென்னையில் இருந்துகொண்டு, "அப்பா மாடியில வெயில் காயுறாரு" என்று சொந்தக்காரர்களிடம் கேலி பேசுகிறான். எண்பது பேரில் ஒருவராகத் தன் பெயர் வந்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது அவருக்கு. பெயர் வரப்போகிறது என்று டீக்கடையில் சொல்லியும் விட்டார்.

எழுபத்தோராம் நாள் காற்று அடித்தது. ஜெபக்கனியின் தாள் பலகையின் அடியிலிருந்து பறந்து அவர் காலடியில் வந்து விழுந்தது. எடுத்துக் கொடுக்கக் குனிந்தவர் கண்ணில் கீழே எழுதியிருந்த எண் பட்டுவிட்டது.

நாற்பத்தொன்று.

அவர் தாளில் இருந்தது பதினேழு.

தாளைக் கொடுத்தார். படி இறங்கினார். இரண்டு கண்ணிலும் புரை இருக்கிறது என்று டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகிறது. அதை அவர் டீச்சரிடம் சொல்லவில்லை. சொன்னால், 'நீங்க வீட்ல இருங்க அண்ணாச்சி' என்று சொல்லிவிடுவாளோ என்று பயம். பெரிய புள்ளிகள் தெரிந்தன, பொடிப் புள்ளிகள் தெரியவில்லை, தெரிகிற மட்டும் போதும் என்று இருந்துவிட்டார். இருபத்து நாலு புள்ளியைக் கோட்டைவிட்டிருப்போம் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. அவமானம் பிடுங்கித் தின்றது.

மறுநாள் பஸ்ஸில் வரும்போதே போனைத் திறந்தார். செயற்கைக்கோள் எடுத்த சூரியன் படம் ஓர் இணையதளத்தில் தினமும் வரும். விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பொடிப் புள்ளிகள் எங்கெங்கே என்று மனப்பாடம் செய்துகொண்டார். தாளில் சூரியன் இடம் வலம் மாறி விழும் என்பதால் அதையும் மாற்றி நினைவில் வைத்தார். ஐம்பது தடத்து டைம் டேபிளை மனப்பாடமாக வைத்திருந்த மூளை அது, சும்மாவா? மாடியில் பெரிய புள்ளிகளைத் தாளைப் பார்த்து வரைந்தார், சின்னப் புள்ளிகளை மனசைப் பார்த்து வரைந்தார். முப்பத்தெட்டு வந்தது.

ஜெபக்கனி தாளை வாங்கிப் பார்த்தாள்.

"ம்" என்றாள். கையெழுத்துப் போட்டாள்.

அந்த 'ம்' பாராட்டு என்று நினைத்துக்கொண்டார் உச்சிமாகாளி. நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அடுத்து முப்பத்தாறு நாள் அதே மாதிரி ஓடியது. நூற்றெட்டு என்றால் ராசி என்று அவர் சொன்னதால், நூறு தாண்டி நூற்றெட்டாம் நாளும் வந்தது. அன்றைக்கு வரைந்து முடித்தால் அனுப்பிவிடலாம் என்று இருந்தார்கள்.

அன்றும் தாளை நீட்டினார். அவள் கையெழுத்துப் போடாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஓரத்துல இந்த அஞ்சு புள்ளி?"

"பாத்தேன் டீச்சர்."

"தெளிவாத் தெரிஞ்சுதா?"

"பளிச்சுனு தெரிஞ்சுது."

அவள் முதல்முறையாகத் தன் தாளை எடுத்து அவர் தாளுக்குப் பக்கத்தில் வைத்தாள். அவள் சூரியனின் ஓரம் துடைத்துவிட்ட மாதிரி வெறுமையாக இருந்தது.

"நீங்க விட்டிருப்பீங்க" என்றார் உச்சிமாகாளி. சொல்லிவிட்டு, சொன்னதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"இருக்கலாம். எழுதி முடிச்சாச்சுலா, போனைத் திறங்க."

அவர் திறந்தார். அன்றைய படம் அப்போதுதான் வந்திருந்தது. ஓரத்தில் ஒன்றுமில்லை. அவர் காலையில் பஸ்ஸில் பார்த்தபோது புதுப் படம் வராமல் முந்தின நாள் படமே நின்றிருக்கிறது. சூரியன் ஒரு நாள் திரும்பியதில் அந்த அஞ்சு புள்ளியும் விளிம்பைத் தாண்டிப் பின்பக்கம் போய்விட்டன. படத்தின் மூலையில் தேதி இருந்தது. முப்பத்து நான்கு வருஷம் தேதியும் மணியும் எழுதியவர், அதைப் பார்க்காமல் விட்டுவிட்டார்.

"நேத்தைய சூரியனைப் பாத்திருக்கீங்க அண்ணாச்சி" என்றாள் ஜெபக்கனி.

உச்சிமாகாளி தரையில் உட்கார்ந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னார். புரையைச் சொன்னார், பறந்து வந்த தாளைச் சொன்னார், போனைச் சொன்னார். "எத்தனை நாளாத் தெரியும் டீச்சர்?"

"புரையா? நீங்க சட்டம் மாத்த வந்த அன்னைக்கே தெரியும். நான் கண்ணாடிக் கடையிலலா இருக்கேன்."

"பிறகு ஏன் சேத்துக்கிட்டீங்க?"

அவள் கீழே போய் அவருடைய நூற்றெட்டுத் தாளையும் தன்னுடைய நூற்றெட்டுத் தாளையும் கால்குலேட்டரையும் கொண்டு வந்தாள்.

"நான் என் எண்ணிக்கையைப் படிக்கேன். அதை உங்க எண்ணிக்கையால வகுங்க."

வகுக்க ஆரம்பித்தார். இருபத்தெட்டைப் பன்னிரண்டால். முப்பத்தாறைப் பதினைந்தால். ரெண்டு புள்ளி மூன்று. ரெண்டு புள்ளி நான்கு. ரெண்டு புள்ளி மூன்று. ரெண்டு புள்ளி நான்கு. பத்துத் தாள், இருபது தாள் என்று போய்க்கொண்டே இருந்தது. எழுபத்தொன்று வரைக்கும் அந்த இடத்தைவிட்டு அதிகம் நகரவில்லை.

எழுபத்திரண்டாம் தாள். ஒன்று புள்ளி ஒன்று. அடுத்தது ஒன்று. அடுத்த நாள் நெட் கிடைக்காமல் படம் மங்கலாக வந்த நாள். ஒன்று புள்ளி ஒன்பது. பிறகு ஒன்று புள்ளி மூன்று. பிறகு அவர் எண்ணிக்கை அவளுடையதைவிடக் கூடிப்போய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. கால்குலேட்டரில் விரல் நின்றுவிட்டது.

"மையத்துல ஆளாளுக்கு ஒரு எண் குடுப்பாங்க" என்றாள் ஜெபக்கனி. "ஒருத்தர் எத்தனை எண்ணுனாலும் அதை அந்த எண்ணால பெருக்கித்தான் எடுத்துக்குவாங்க. என்னோடது ஒண்ணு புள்ளி ஒண்ணு."

"நீங்களும் விடுதீங்களா?"

"விடாத கண்ணு யாருக்கு இருக்கு?"

அவர் தன் தாளில் முதல் எழுபத்தொன்றைத் தனிக் கட்டாகப் பிரித்துத் தொட்டுக் காட்டினார். "அப்ப இந்தக் கண்ணுக்கு?"

"ரெண்டே கால், ரெண்டரை. ஏதோ ஒண்ணு குடுப்பாங்க."

மீதி முப்பத்தேழைத் தொட்டார். "இந்தக் கட்டுக்கு?"

"இது யாரோட கண்ணுனு எழுதி அனுப்ப?"

கீழேயிருந்து கடைக்காரர் குரல் கொடுத்தார். யாரோ லென்ஸ் வாங்க வந்து காத்திருந்தார்கள். ஜெபக்கனி இரண்டு கட்டுகளையும் அவர் முன்னால் வைத்துவிட்டு இறங்கிப் போனாள்.

உச்சிமாகாளி தனியாக உட்கார்ந்திருந்தார். வெயில் ஏறிவிட்டது. எல்லாத் தாளிலும் டீச்சர் கையெழுத்து இருக்கிறது, கடைசித் தாள் ஒன்றைத் தவிர. அப்படியே அனுப்பினால் நூற்றேழு நாள். முப்பத்தேழை எடுத்துவிட்டால் எழுபத்தொன்று; இன்னும் இருபத்தொன்பது நாள் வேண்டும். புரட்டாசி பிறக்கப்போகிறது. ஐப்பசி மழை வந்துவிட்டால் எட்டே கால் சூரியன் கிடைப்பது அதிர்ஷ்டம். போதாதற்கு அடுத்த வாரம் ஆபரேஷனுக்கு நாள் குறித்தாகிவிட்டது. பட்டியலும் எண்பது பேரும் கண் முன்னால் வந்து போனார்கள். ஆசை இன்னும் அடங்கவில்லை என்பது அவருக்கே நன்றாகத் தெரிந்தது.

முப்பத்தேழு தாளையும் எடுத்துக்கொண்டு கடைக்கு இறங்கினார்.

"டீச்சர், இதை வச்சு லென்ஸ் துடைச்சுக்கோங்க."

"தாள்ல துடைச்சா கீறல் விழும் அண்ணாச்சி" என்றாள் அவள், லென்ஸ் தேய்க்கிற சக்கரத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் அதைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, நேரே கண் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆபரேஷனை ஒரு மாதம் தள்ளிவைக்க முடியுமா என்று கேட்டார். டாக்டர் காரணம் கேட்டார். இன்னும் இருபத்தொன்பது நாள் இந்தக் கண் வேண்டியிருக்கிறது என்று சொன்னார்.

"என் முப்பது வருஷ சர்வீஸ்ல, கண்ணு மங்கலாவே இருக்கட்டும்னு தவணை கேட்ட முதல் ஆளு நீங்கதான்" என்றார் டாக்டர். ஒரு மாதத்தில் ஒன்றும் கெட்டுவிடாது என்று புதுத் தேதி எழுதிக் கொடுத்தார்.

மறுநாளிலிருந்து உச்சிமாகாளி போனை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். பதினாறு வந்தது. பத்தொன்பது வந்தது. ஒரு நாள் வெறும் ஒன்பது. தெரிந்ததை வைத்தார், தெரியாததை விட்டார். மேகம் மூடிய நாளில் தாளில் தேதியை மட்டும் எழுதி, 'மேகம்' என்று போட்டுக் கொடுத்தார். அதற்கும் ஜெபக்கனி கையெழுத்திட்டாள். அது நாள் எண்ணிக்கையில் சேராது.

ஒருநாள் மட்டும் கேட்டார். "டீச்சர், இந்தக் கண்ணுக்குத்தான் எண் கிடைக்கப்போகுதுனா, ஆபரேஷன் பண்ணாமலே இருந்துரவா?"

"ரோட்டைத் தாண்டணும்லா அண்ணாச்சி. பண்ணிக்கோங்க."

ஐப்பசி பிறந்து இரண்டாம் நாள், மேகத்துக்கு நடுவே கால்மணி நேரம் சூரியன் கிடைத்தது. நூறாவது தாளை வரைந்தார். பதினான்கு. கையில் பென்சிலோடு மாடியிலேயே நின்று ஒரு குழந்தை மாதிரி சிரித்தார். அன்று மாலையே ஜெபக்கனி நூறு எண்ணிக்கைகளையும் அனுப்பிவைத்தாள். அதற்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. மழைக்குள்ளேயே ஒரு கண்ணுக்கும், பின்னால் மறு கண்ணுக்கும் ஆபரேஷன் முடிந்தது.

மார்கழியில் ஒரு காலை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உச்சிமாகாளி மாடி ஏறினார். நிழலைச் சுருக்கினார். தாளில் சூரியன் விழுந்தது.

பெரிய புள்ளிகளைச் சுற்றி இதுவரை இல்லாத சாம்பல் நிற விளிம்பு. அதைச் சுற்றிக் கடுகு தாளித்துவிட்ட மாதிரி பொடிப் புள்ளிகள். ஆட்டிப் பார்த்தார். ஒன்றும் ஆடவில்லை. எல்லாம் சூரியனுடையது. கண்ணில் நீர் கட்டிக்கொண்டதால் இரண்டு முறை எண்ண வேண்டியிருந்தது.

"முப்பத்தொன்பது டீச்சர்! நீங்க?"

"நாப்பத்தொண்ணு" என்றாள் ஜெபக்கனி. அவள் முகத்திலும் சிரிப்பு இருந்தது. "இன்னொண்ணும் இருக்கு. மையத்துல இருந்து மெயில் வந்திருக்கு."

போனை நீட்டினாள். உச்சிமாகாளி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கோவில்பட்டி, இந்தியா. நூறு நாளும் ஏற்கப்பட்டன. எண்ணிக்கை சீராக இருக்கிறது. அவருக்கான பெருக்கல் எண் ரெண்டு புள்ளி மூன்று ஐந்து. இனி அவர் பெயர் பட்டியலில் இருக்கும்.

அவர் அதை நாலு தடவை படித்தார். இப்போதெல்லாம் எந்த எழுத்தும் தப்பவில்லை. ஆனால் அந்த ரெண்டு புள்ளி மூன்று ஐந்து மட்டும் அவருக்கு முள்ளாகக் குத்தியது. கையில் முப்பத்தொன்பது புள்ளியோடு நிற்கிறவருக்கு அந்த எண் எப்படிப் பிடிக்கும்?

"டீச்சர், அவங்களுக்கு ஒரு பதில் எழுதுங்க. அந்த நூறும் குருட்டுக் கண்ணு எண்ணுனது, தூக்கிப் போட்ருங்கனு எழுதுங்க. இன்னைல இருந்து உச்சிமாகாளிக்கு நல்ல கண்ணு. இதை வச்சுக்கிடச் சொல்லுங்க."

ஜெபக்கனி அவர் தாளை வாங்கினாள். நேரம் போட்டாள், கையெழுத்திட்டாள். மேல் மூலையில் நாள் என்ற இடத்தில் ஒன்று என்று எழுதினாள்.

உச்சிமாகாளி அந்த ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கண்ணை அவங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி" என்றாள். "இதை இன்னும் யாருக்கும் தெரியாது."